கடலோர ஆட்டுக்கும் அயோடின் வேண்டும்

தரங்கம்பாடி, பொறையாறு பக்கம் சினை ஆட்டுக்கு அயோடின் கொடுக்கச் சொன்னால், "கடற்கரையில அயோடினுக்குப் பஞ்சமா டாக்டர்?" என்பார்கள். நம்மிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் கடல்நீரைக் காயவைத்து எடுக்கும் உப்பில் தங்கும் அயோடின் மிகச் சொற்பம். வேதாரண்யத்துக் கல்லுப்பும் விலக்கல்ல. 2018-19 தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கலந்த உப்பு புழங்கும் வீடுகளின் விகிதத்தில் கடைசி இடம் தமிழ்நாட்டுக்கு: 61.9 விழுக்காடு. இத்தனை நீளக் கடற்கரை இருந்தும்! மனிதர் உண்ண அயோடின் கலக்காத உப்பை விற்கத் தடை உண்டு. கால்நடை உப்புக்கு இல்லை. கழுநீர்த் தொட்டியில் விழும் ஒரு பிடி உப்பு எது என்று யாரும் கேட்பதில்லை.

அயோடின் குறைந்தால் தைராய்டு சுரப்பு குறையும்; அடி விழுவது வளரும் மூளைக்கு. தைராய்டு குறைந்த எலிக்குட்டியின் சிறுமூளையில் சிறுமணி செல்கள் உள்ளே இறங்கத் தாமதிக்கும். பர்கின்ஜி செல்களின் கிளைகள் குட்டையாகவே நின்றுவிடும். மூளை வளர்ச்சிக்கான இந்தக் கெடு எலிக்குப் பிறந்தபின் சுமார் மூன்று வாரம். ஆட்டுக்குட்டிக்கோ அதன் பெரும்பகுதி கருப்பையிலேயே முடிந்துவிடுகிறது. தாயின் தைராக்ஸினை ஆட்டின் நஞ்சுக்கொடி அநேகமாக விடுவதே இல்லை, அயோடினை விடும். குட்டி தனக்கு வேண்டியதைத் தானே சுரந்துகொள்ள வேண்டும். ஆகவே தாய் கொழுகொழுவென்று இருப்பது குட்டி நலமாக இருப்பதற்குச் சான்றாகாது. பிறந்தபின் அயோடின் கொடுத்தால் கழலை வற்றும். மூளை இழந்தது முழுதும் திரும்பாது.

சவுண்டல் தழையையே நம்பி வளர்க்கும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். அதிலுள்ள மிமோசின் முதல் வயிற்றில் சிதைந்து தைராய்டைத் தடுக்கும் பொருளாகிறது. அதை அழிக்கும் நுண்ணுயிர் வயிற்றில் இருக்கும் ஆடு தப்பிக்கும்.

மருந்து விஷயத்தில்தான் நாம் அடிக்கடி இடறுகிறோம். நாய் கடித்த குட்டிக்குத் தையல் போட சைலசின் ஏற்றுகிறோம். குதிரைக்குக் கொடுப்பதில் பத்தில் ஒரு பங்கே அசைபோடும் விலங்குகளுக்குப் போதும் என்பது பாடம். இளங்குட்டியின் கல்லீரல் நொதிகள் இன்னும் முதிராதவை; தைராய்டும் குறைந்திருந்தால் உடல் சூடு தாழும், இதயம் மெதுவாகும், மருந்து வெளியேற மேலும் நேரமாகும். குட்டி நெடுநேரம் தெளியாமல் கிடந்தால் 'டோஸ் கூடிவிட்டது' என்று எழுதி முடித்துவிடுகிறோம். கழலை உண்டா என்று கழுத்தைத் தடவிப் பார்த்தோமா? மந்தமாக, ரோமம் குறைந்து பிறந்த குட்டிக்கு அளவை இன்னும் குறையுங்கள், சூடு காத்து வையுங்கள்.

இறந்து பிறந்த குட்டி கைக்கு வந்தால், புதைக்கச் சொல்லும் முன் மூச்சுக்குழலின் இருபுறமும் உள்ள தைராய்டை எடுத்து எடை போடுங்கள். செம்மறிக் குட்டிக்கு வகுத்த வரம்பு, உடல் எடை கிலோவுக்கு 0.8 கிராம். வெள்ளாட்டுக்கும் அதை வழிகாட்டியாகக் கொள்ளலாம். இரண்டு கிலோ குட்டியில் 1.6 கிராமைத் தாண்டினால் தாய்க்கு அயோடின் போதவில்லை என்று கொள்ளுங்கள். எடையோடு, தாய் தின்ற தழையையும் உப்பையும் குறித்து இதழுக்கு அனுப்புங்கள்.