ஒடிந்தது சக்கரம் மட்டுமா?

அமீலியா ஏர்ஹார்ட் என்ற பெயரைச் சொன்னவுடன் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "கடைசியில் அந்த அம்மையார் எங்கேதான் போனார்?" 1937 ஜூலை 2-ஆம் நாள் பசிபிக் பெருங்கடலின் மேல் மறைந்த அமெரிக்க விமானி அவர். அந்த மறைவைப் பற்றி எத்தனையோ நூல்கள், எத்தனையோ ஊகங்கள்! அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் தரையிலேயே நிகழ்ந்த விபத்தைப் பற்றிப் பேசுவோரோ குறைவு. என்னைக் கேட்டால், ஆராய வேண்டியது அதைத்தான்.

1937 மார்ச் 20. ஹவாயில் லூக் விமானத்தளம். உலகைச் சுற்றும் பயணத்தின் இரண்டாம் கட்டத்துக்கு அவருடைய லாக்ஹீட் எலெக்ட்ரா புறப்படுகிறது. பத்துப் பேர் அமரக்கூடிய சிறு விமானம். இருக்கைகளுக்குப் பதில் பெட்ரோல் தொட்டிகள். ஓடுதளத்தில் வேகம் பிடிக்கும்போதே அது பக்கவாட்டில் இழுத்துச் சுழன்றது. சக்கரக் கால்கள் ஒடிந்தன. வயிறு தரையில் தேய்ந்தபடி சறுக்கி நின்றது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை, உள்ளிருந்த மூவரும் பிழைத்தனர்.

சைக்கிள் காரியரில் அரிசி மூட்டை ஏற்றிச் சென்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முன்னே சற்றுத் திரும்பினாலும் பின்பாரம் தன் போக்கில் தள்ளும். எலெக்ட்ராவின் வால் புறத்தில் ஒரு சிறு சக்கரம். முன்னே இரு பெரிய சக்கரங்கள். அவற்றுக்குப் பின்னால் எடையின் மையம். மூக்கு ஒருமுறை விலகினால், பின்பாரம் மேலும் விலக்கும். மேலிருந்து வரும் எடையைத் தாங்கும் கால்கள் பக்கவாட்டு இழுப்பைத் தாங்குவதில்லை.

டயர் வெடித்திருக்கலாம் என்றார் ஏர்ஹார்ட். ஓட்டியவர் கைப்பிழை என்றார் அவருடைய ஆலோசகர் பால் மான்ட்ஸ். அந்த வழக்கு இன்றும் தீரவில்லை. தீர்ப்புக் கூறுவது என் வேலையுமன்று. விளைவுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பழுது பார்க்க விமானம் கப்பலில் கலிபோர்னியா சென்றது. அதற்குள் பருவக் காற்றின் போக்கு மாறவே, பயணத் திசையையே கிழக்காகத் திருப்பினர். கராச்சி, கல்கத்தா வழியாக அவர் வந்தது இப்படித்தான். முதல் திட்டத்தில் ஹவ்லண்ட் என்னும் குட்டித் தீவு ஹவாய்க்கு அடுத்த நிறுத்தம். தூரம் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். புதிய திட்டத்திலோ, ஒரு மாதம் பறந்து களைத்தபின், நியூகினியின் லே நகரிலிருந்து ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர் கடந்து அதைத் தேட வேண்டியதாயிற்று!

இன்னோர் இழப்பும் உண்டு. லூக் தளத்தில் உடனிருந்த ஹாரி மானிங் வானொலியில் கைதேர்ந்தவர், மோர்ஸ் குறி அறிந்தவர். தாமதத்தால் அவர் விலகிக்கொண்டார். ஏர்ஹார்ட்டும் வழிகாட்டி பிரெட் நூனனும் மட்டுமே மிஞ்சினர். மானிங் இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடைசிக் காலையில் ஹவ்லண்ட் அருகே காத்திருந்த இட்டாஸ்கா கப்பலுக்கு ஏர்ஹார்ட்டின் குரல் தெளிவாகவே கேட்டது. கப்பலின் சைகை தமக்குக் கிடைத்தது என்றும், அதைக்கொண்டு திசையறிய முடியவில்லை என்றும் அவர் தெரிவித்தார். திசையறிவது மானிங்கின் வேலை.