வரிசையில் நிற்க முடியாதவர்கள்

வரிசை என்பது சமத்துவத்தின் அடையாளமாகக் கருதப்படுகின்றது. முன்னே வந்தவர் முன்னே செல்வது நியாயமே. ஆயினும், நிற்கவே இயலாத ஒருவருக்கு அதே வரிசை அநீதியாக மாறிவிடுகின்றது.

2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இந்நாட்டில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதேனுமொரு வகையில் செயற்பாட்டுக் குறைபாடு உடையவர்கள். இவர்களுக்கெனச் சட்டங்கள் இல்லாமலில்லை. 1996 இல் இயற்றப்பட்ட 28 ஆம் இலக்கச் சட்டம் இவர்களது உரிமைகளை ஏற்றுக்கொண்டது. 2006 இன் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதிகளை வலியுறுத்தின. அவற்றைப் புதிய பொதுக் கட்டடங்களில் கடைப்பிடிக்க வேண்டுமென, அஜித் பெரேரா தாக்கல் செய்த வழக்கில் 2011 ஏப்ரல் 27 ஆம் திகதி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2016 இல் ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது.

எனினும், இவை பெரும்பாலும் சாய்தளத்தையும் வாயிலையும் மலசலகூடத்தையும் பற்றியே பேசுகின்றன. சாய்தளத்தின் வழியே உள்ளே வந்தவர் அதன்பின் எத்தனை மணிநேரம் நிற்க வேண்டும் என்பது எவருடைய கவனத்தையும் பெறவில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் திருகோணமலை நகருக்கு வருவது இலகுவாகிவிட்டது. ஆனால் வைத்தியசாலையிலோ, வங்கியிலோ, செயலகத்திலோ வரிசை குறுகிவிடவில்லை. யுத்தத்தில் அவயவங்களை இழந்தோரும் முதியோரும் வாழும் மாவட்டம் இது என்பதை மறந்துவிடலாகாது.

இவர்களை முன்னே விட்டால் ஏனையோர் துஷ்பிரயோகம் செய்வர் என்பது வழமையான ஆட்சேபணை. அது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில், வலுவிழந்தோருடன் வருவோர் வரிசையைத் தவிர்க்கும் சலுகை இருந்தது. வசதி படைத்த சிலர் அதற்காகவே வலுவிழந்தோரை வாடகைக்கு அமர்த்துவதாக 2013 இல் செய்திகள் வெளியாகின. அவ்வாண்டு ஒக்டோபரில் அந்நடைமுறை மாற்றப்பட்டது. உடனடி அனுமதிக்குப் பதிலாக, வரிசையின் நீளத்துக்கேற்பத் திரும்பி வரவேண்டிய நேரம் வழங்கப்பட்டது. 2024 இல் அத்தகுதி பிரதானமாக ஓட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடுடையோருக்கெனச் சுருக்கப்பட்டபோது, வேறு நோயாளர் பலர் தாம் புறக்கணிக்கப்பட்டதாக முறையிட்டனர்.

இதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் தெளிவானது. தேவைப்படுவது காத்திருப்பிலிருந்து விலக்கு அல்ல, நிற்பதிலிருந்து விலக்கு. நேரம் குறித்த ஒரு துண்டைக் கொடுத்துவிட்டால், அதனால் எவரும் மற்றவரை முந்திச் செல்வதில்லை. இலாபமில்லாத இடத்தில் மோசடிக்கும் காரணமில்லை. கேட்பவரை வைத்திய அத்தாட்சிக்காக அலையவிடும் தேவையும் எழாது. வெளித்தோற்றத்தில் நலமாகத் தெரியும் இருதய நோயாளியும் சிறுநீரக நோயாளியும் அயலவரின் சந்தேகப் பார்வையிலிருந்து விடுபடுவர்.

இதற்குப் பெருநிதி அவசியமில்லை. 2022 இன் நெருக்கடியில், எரிபொருள் நிரப்பு நிலையங்களுக்கு முன்னால் நாட்கணக்கில் மக்கள் நின்ற பின்னரே கியூஆர் முறை வந்தது. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைக் கண்முன் கொண்ட இம்மாவட்ட மக்களும் அவ்வாறே நின்றார்கள். அனைவரது பங்கையும் கைத்தொலைபேசியில் ஒழுங்குபடுத்த முடிந்த நாட்டுக்கு, ஒரு நோயாளியின் முறையைக் கடதாசித் துண்டில் குறித்துக் கொடுப்பது கடினமாகாது.

கோணேஸ்வரத்தின் திருவிழாக் காலங்களிலும், புறாத்தீவுக்குச் செல்லும் நிலாவெளிப் படகுக் கரையிலும் இதே ஒழுங்கு பொருந்தும். முதலில் வைத்தியசாலைகளும் பிரதேச செயலகங்களும் சில கதிரைகளோடும் நேரத் துண்டுகளோடும் இதனை ஆரம்பிக்கட்டும். மாவட்டச் செயலகம் அதற்கான பணிப்புரையைத் தாமதமின்றி விடுக்க வேண்டும்.