ஒரு தம்ளர் தண்ணீரின் கணக்கு

கோதையாறும் பரளியாறும் வளைத்து ஓடுகிற ஊர் திருவட்டாறு. பக்கத்து மாத்தூரிலே, 1960-களில் கட்டிய தொட்டிப்பாலம் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குத் தண்ணீரைத் தலையில் சுமந்து போகிறது. இப்படிப்பட்ட ஊரிலும் தண்ணீரைத் தம்ளர் தம்ளராக எண்ணிக் குடிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் செயலிழந்து, வாரந்தோறும் டயாலிசிஸுக்குப் போய் வருகிறவர்கள் அவர்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று நாம் பேச வேண்டியிருக்கிறது.

சிறுநீர் பிரியாதவர் குடிக்கிற தண்ணீர் எங்கே போகும்? வியர்வையிலும் மூச்சிலும் கொஞ்சம் போகும். மிச்சம் உடம்பிலேயே தங்கும். ஒரு லிட்டர் தங்கினால் ஒரு கிலோ எடை கூடும். கால் வீங்கும். இரத்த அழுத்தம் ஏறும். பிறகு தண்ணீர் நுரையீரலுக்கு ஏறி, படுத்தால் மூச்சு முட்டும். வருஷக்கணக்கில் இந்தப் பாரத்தை இழுக்கிற இதயம் பெருத்துத் தளர்ந்துவிடும். டயாலிசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோரைக் கொண்டுபோவது இதயக் கோளாறுதான்.

இந்தத் தண்ணீரைக் கழித்து, உடம்பின் சரியான எடை எவ்வளவு என்று டாக்டர்கள் குறிக்கிறார்கள். அதற்கு உலர் எடை என்று பெயர். பால்வெட்டும் தோழருக்கு இதை நாம் விளக்க வேண்டுமா? வாளியிலே பால் எவ்வளவு, அதிலே காய்ந்த ரப்பர் எவ்வளவு என்ற கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் தண்ணீர் என்பதும் தெரியும். அதே கணக்குத்தான் இங்கே உயிரோடு விளையாடுகிறது.

சரி, தேங்கியதை இயந்திரத்தில் எடுத்துவிட்டால் தீர்ந்ததா? அங்கேதான் சிக்கல். உடம்பு எடையில் கிலோ ஒன்றுக்கு, மணிக்கு 13 மில்லி லிட்டருக்கு மேல் இழுத்தால் சாவு கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 50 கிலோ எடையுள்ள தொழிலாளிக்கு நாலு மணி நேரத்தில் 2.6 லிட்டர்தான் எல்லை. அவர் நாலு லிட்டரோடு வந்து சேர்ந்தால்? அத்தனையையும் இழுத்தால் இரத்த அழுத்தம் சரியும், தசை பிடித்து இழுக்கும், இதயம் திணறும். இழுக்காமல் விட்டால் நுரையீரலில் நிற்கும்.

"தண்ணீரைக் குறையுங்கள்" என்று உபதேசம் செய்வது எளிது. தாகத்தை உண்டாக்குவது உப்பு என்பதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? ஒன்பது கிராம் உப்பு உடம்பில் தங்கினால், அதற்கு ஈடாக ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பு கேட்கும். கருவாடும் ஊறுகாயும் கூட்டிக் கஞ்சி குடித்தவரைப் பார்த்து, "ஏனப்பா இவ்வளவு தண்ணீர் குடித்தாய்?" என்று அதட்டுவது என்ன நியாயம்? இளநீர் நல்லது என்று நம் ஊரில் யாரும் நீட்டுவார்கள். அதிலுள்ள பொட்டாசியம் இந்த நோயாளியின் இதயத்தையே நிறுத்திவிடக் கூடும். இதையெல்லாம் உட்கார வைத்துப் பேச மருத்துவமனைகளில் ஆள் வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம் இடைவெளி. வாரம் மூன்று முறை என்பது உலகம் ஏற்ற முறை. அந்த முறையிலேயே, இரண்டு நாள் விட்டு வருகிற மறுநாளில் சாவு கூடுதல் என்று, முப்பத்திரண்டாயிரம் அமெரிக்க நோயாளிகளை வைத்து 2011இல் வெளிவந்த ஆய்வு கண்டது. நம் நாட்டிலோ ஏராளமானோர் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆசையாலா? காசில்லாமல்! கூலி போகிறது, பஸ் காசு போகிறது, கூட வருகிற மனைவியின் கூலியும் போகிறது.

1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே, இயந்திரம் சில, நோயாளிகள் பலர் என்ற நிலை. யார் பிழைக்கலாம் என்று தீர்மானிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். வருமானம் என்ன, வேலை என்ன, குடும்பம் என்ன என்று பார்த்து உயிரைப் பங்கு வைத்தார்கள். நாடெங்கும் கேள்வி எழுந்தது. பத்து வருஷம் கழித்து, 1972இல், டயாலிசிஸ் செலவைச் சர்க்காரே ஏற்கச் சட்டம் வந்தது. இங்கே கமிட்டி இல்லை. பஸ் கட்டணமும் இழந்த கூலியும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்கின்றன.

செய்ததை மறைக்க மாட்டோம். தமிழ்நாட்டில் 2009இல் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2016இல் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வயிற்றுவழி டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் இயந்திரத்துக்குப் பணம் கட்டினால் போதுமா? இயந்திரம் வரை ஆள் வந்து சேர வேண்டாமா? மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்த் திரும்ப ஒரு முழு நாள். வாரம் மூன்று முறை என்றால் பாதி வாரம் போயிற்று.

ஆகவே நாம் கேட்பது இது: 2019இல் தனி வட்டமான திருவட்டாறு போன்ற ஒவ்வொரு வட்டத்திலும், வாரம் மூன்று முறைக்குப் போதுமான இயந்திரங்களோடு டயாலிசிஸ் வசதி, உடம்பு நீரை அளக்கும் கருவி, உலர் எடையை அடிக்கடி திருத்திப் பார்க்க டாக்டர், வீட்டில் நிறுத்துப் பார்க்க ஆளுக்கு ஓர் எடைக் கருவி. நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் இலவச பஸ் பயணமும், இழந்த நாளுக்கு உதவித் தொகையும். தோட்டத்துச் சங்கக் கிளைகள் தங்கள் பகுதியில் எத்தனை பேர் டயாலிசிஸுக்குப் போகிறார்கள், வாரம் எத்தனை முறை போகிறார்கள் என்று இந்த மாதமே கணக்கெடுக்கட்டும். மனுவோடு அந்தப் பட்டியலும் போக வேண்டும்.