சாமி வராமல் பாடுகிறவள்

உலக இசைச் சந்தையில் ‘பெண் முன்னணி மெட்டல்’ என்று ஒரு வகை இருக்கிறது. ‘ஆண் முன்னணி மெட்டல்’ என்று ஒரு வகை இல்லை. ஆண் பாடினால் அது மெட்டல். பெண் பாடினால் அது பெண் பாடும் மெட்டல். ‘பெண் கவிஞர்’ என்ற அட்டையை இருபது ஆண்டுகளாகச் சுமந்து திரிகிற எனக்கு இந்தப் பெயரிடலின் சூட்சுமத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. விதிவிலக்குக்கு வாசலைத் திறந்துவிடுவார்கள். வீட்டுச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள்.

என் மாணவிகள் சிலர் காதில் மாட்டிக்கொண்டு திரிகிற இசை இது. சிம்பொனிக் மெட்டல், காத்திக் மெட்டல் என்று பெயர் சொல்கிறார்கள். கனத்த கிதார், இடி போன்ற டிரம், வயலின் கூட்டம், தேவாலயக் கோரஸ், இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெண் குரல். 1990-களில் நார்வே, நெதர்லாந்து, பின்லாந்து நாடுகளில் உருப்பெற்றது. சாவு, இடுகாடு, இரவு, இழந்த காதல் ஆகியவைதான் பாடுபொருள். மெட்டல் என்ற சொல்லே கணபதிக்காரிக்கு அந்நியமில்லை. எங்கள் தெருக்களில் லேத் பட்டறைச் சத்தம் கேட்டுத்தான் குழந்தைகள் தூங்குகின்றன. இந்த இசையின் மூத்த குழுவான பிளாக் சபாத் பிறந்த பர்மிங்காமும் ஆலை நகரம்தான். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி தகரத் தொழிற்சாலை எந்திரத்தில் விரல் நுனிகளை இழந்தவர். ஆகவே ‘இது நமக்கு ஒட்டாத சத்தம்’ என்கிற வாதத்தை முதலிலேயே தள்ளிவைக்கிறேன். எனக்குச் சண்டை வேறு இடத்தில்.

காத்திக் மெட்டல் தொடங்கியபோதே குரலைப் பால் பிரித்து வைத்தது. நார்வேயின் தியேட்டர் ஆஃப் டிராஜடி குழு 1995-இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் பெண் தேவதைபோல் தெளிவாகப் பாடுகிறாள், ஆண் மிருகம்போல் உறுமுகிறான். ‘அழகியும் மிருகமும்’ என்றே இந்தப் பாணிக்குப் பெயர். கேட்க இனிமைதான். ஆனால் கோபத்தையும் அழுக்கையும் வலியின் கூச்சலையும் ஆணுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, பெண்ணுக்குப் பளிங்கை மட்டும் மிச்சம் வைத்த பாகப்பிரிவினை அது. அந்தப் பளிங்குக் குரலுக்குச் சொந்தக்காரியான லிவ் கிறிஸ்டினை 2003-இல் குழு வெளியேற்றியது.

இன்னும் புகழ்பெற்ற கதை நைட்விஷ். 1996-இல் பின்லாந்தின் கிட்டே என்ற சிற்றூரில் தொடங்கிய குழு. தார்யா டுருனனின் ஓபரா பயின்ற குரல்தான் அதை உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. 2005 அக்டோபர் 21 அன்று ஹெல்சிங்கியில் பெரிய கச்சேரி முடிந்த கையோடு ‘இனி நீ வேண்டாம்’ என்ற கடிதத்தை அவர் கையில் கொடுத்தார்கள். அதையே ஊர் உலகம் படிக்கும்படி பகிரங்கமாகவும் வெளியிட்டார்கள். பிறகு அனெட் ஓல்சன் வந்தார், 2012-இல் பயணத்தின் நடுவிலேயே போனார். ஃப்ளோர் யான்சன் வந்தார். இந்தக் காலம் முழுக்கப் பெரும்பாலான பாடல்களை எழுதியவர் ஒரே ஆண், தூமாஸ் ஹோலோபைனன். இசை மாறியபோது பேச்சு எப்படி அமைந்தது பாருங்கள். பாராட்டு வந்தால் அது அவருடைய ‘வளர்ச்சி’. ஓபரா குறைந்து பாப் கூடிவிட்டது என்ற வசை வந்தால் அது அனெட்டின் தொண்டைக்கு. அவர் எழுதாத மாற்றத்துக்கு அவர் தண்டம் கட்டினார். ஒரு குழுவின் ஒலி எப்படி மாறியது என்று வரலாறு எழுதுகிறவர்கள் பாடகியரைப் பருவகாலம்போல் வைத்து அத்தியாயம் பிரிக்கிறார்கள். பருவம் மாறும், நிலம் அவருடையது!

‘இதெல்லாம் வெள்ளைக்காரர் வீட்டுச் சங்கதி’ என்று மூக்கைச் சுளிக்க வேண்டாம். நம் வீட்டில் எல்.ஆர். ஈஸ்வரி இருக்கிறார்.

லூர்து மேரி ராஜேஸ்வரி ஈஸ்வரி. சென்னையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெமினி ஸ்டூடியோவில் கோரஸ் பாடிய தாயின் மகள், தானும் கோரஸில் நின்று வளர்ந்தவர். 1958-இல் ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் இசையில் தனிக்குரலாக அறிமுகமானார். 1961-இல் ‘பாசமலர்’ கல்யாணப் பாட்டு அவரை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. அதன் பிறகு என்ன நடந்தது? தமிழ் சினிமாவும் குரலைப் பாகம் பிரித்தது. கதாநாயகிக்கு பி. சுசீலா. தோழிக்கு, கிண்டல்காரிக்கு, கிளப்பில் ஆடுகிறவளுக்கு ஈஸ்வரி. சுசீலாவின் மேன்மை குறித்து எனக்கு எந்தக் குறையுமில்லை. ஒருவர் குரலுக்குத் தாலியும் இன்னொருவர் குரலுக்குச் சலங்கையும் கட்டியது யார் என்பதுதான் என் கேள்வி.

அந்த ஒதுக்கப்பட்ட மூலையில் ஈஸ்வரி செய்தது சாதாரண வேலை அல்ல. மூச்சை இசையாக்கினார். சிரிப்பு, விக்கல், பெருமூச்சு, ஊளை, அதட்டல் என்று ‘நல்ல’ குரல்கள் தொடாத எல்லாவற்றையும் தொண்டைக்குள் கொண்டுவந்தார். விஸ்வநாதனின் போங்கோவுக்கும் டிரம்பெட்டுக்கும் ஈடுகொடுத்து நின்றார். வேதாவின் இசையில் ‘வல்லவன் ஒருவன்’ (1966) படத்தில் ஓர் அமானுஷ்யத்தையே எழுப்பினார். நம் ஊர் காத்திக் எங்கே என்று கேட்கும் மாணவிகளுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது அதைத்தான். ‘வெள்ளி விழா’ (1972) படத்துக்காக வி. குமார் இசையில் கிசுகிசுத்துக்கொண்டே பாடினார், அதுவும் ஒரு குடும்பப் பெண்ணுக்காக. முடியாது என்று யாரோ முடிவுசெய்து வைத்திருந்ததை அந்த ஒரு பாட்டு உடைத்தது. உடைந்த இடத்தைச் சினிமா அவசரமாகப் பூசி மூடியது. எழுபதுகளின் பிற்பகுதியில் அவருக்கு வாய்ப்புகள் சுருங்கின.

அப்போதுதான் அவருடைய ஒலி திசை மாறுகிறது. அம்மன் பாடல்கள். டிரம்பெட் இருந்த இடத்தில் பம்பை, போங்கோ இருந்த இடத்தில் உடுக்கை. இசைத்தட்டிலும் பிறகு கேசட்டிலும் வந்த அந்தப் பாடல்கள் இல்லாமல் ஆடி மாதம் பிறப்பதில்லை. கணபதியில் ஆடி வெள்ளி விடிகாலையில் குழாய் ஸ்பீக்கர் வழியே பட்டறைகளின் தகரக் கூரைகளை அதிரவைக்கும் முதல் குரல் அவருடையது. கூழ் ஊற்றும் பந்தலிலும் தீச்சட்டி எடுக்கும் ஊர்வலத்திலும் அதே குரல். தமிழ்நாட்டில் மிக அதிக சத்தத்தில், மிக அதிக மக்கள் கேட்ட பெண் குரல் அதுவாகத்தான் இருக்கும். கனத்த தாளம், இருண்ட தெய்வம், தீ, வேப்பிலை, உயரத்தில் ஏறி அதட்டும் பெண் குரல். இதைவிடக் கனமான இசை எதற்கு?

இங்கேதான் கவனிக்க வேண்டும் தோழிகளே. கிளப் பாட்டிலும் அம்மன் பாட்டிலும் ஒலிப்பது ஒரே தொண்டை. அதே மூச்சு, அதே அதட்டல், அதே உச்சம். பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்று வானொலியை அணைத்த அதே வீடுகள், அதே குரலைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டன. குரல் மாறவில்லை. அதைக் குடியமர்த்திய உடல் மாறியது. ஆட்டக்காரியின் உடலிலிருந்து அம்மனின் உடலுக்கு. அதாவது உரக்கப் பாடும் பெண் ஒன்று கீழே இருக்க வேண்டும், அல்லது மேலே இருக்க வேண்டும். நடுவில் நம்மைப்போல் பஸ் ஏறி வேலைக்குப் போய் வருகிற மனுஷிக்கு அந்தக் குரல் கிடையாது. சாமி வந்தால் பாடலாம். சாமி வராமல் பாடக் கூடாது.

மூன்றாவது ஒரு கூண்டும் உண்டு. அதற்குச் சாட்சி எங்கள் கொங்கு மண்ணிலேயே இருக்கிறார். கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், ஒலிபெருக்கி வராத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை கேட்கப் பாடியவர். ஆண் வேடம் கட்டிப் பாடியவர். 1935-இல் நந்தனாராகவே திரையில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கியவர். இளமையில் ஆண் வேடத்துக்குள் அடங்கிய அந்தப் பெருங்குரலை, பின்னாளில் சினிமா எங்கே வைத்தது? ஔவையார், கவுந்தியடிகள், மீண்டும் ஔவையார், காரைக்கால் அம்மையார். எல்லாம் கிழவி, எல்லாம் துறவி. உடலின் ஆசை வற்றிவிட்டது என்று உறுதியான பிறகே அந்தச் சத்தத்துக்கு அனுமதி. ஆட்டக்காரி, தெய்வம், கிழவி. இந்த மூன்று கூண்டுகளுக்கும் வெளியே இருக்கிற பெண்ணுக்குத் தமிழ் சினிமா தேன் தடவிய மெல்லிய குரலைக் கொடுத்து வாயை மூடியது.

‘மென்மைதான் தமிழ்ப் பெண்ணின் மரபு’ என்று யாராவது சொன்னால், தமிழ் படித்தவள் என்ற உரிமையோடு மறுக்கிறேன். சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் சாலினி தெய்வமேறி மெய் நடுங்க ஆடுகிறாள், அவள் வாயிலிருந்து வருவது தாலாட்டு அல்ல. காரைக்கால் அம்மையார் தன்னைப் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். அழகை உதறி, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் பேய்களோடு நின்று பதிகம் பாடியவர். ஐரோப்பாவில் காத்திக் என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் வருவதற்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நமக்கு ஓர் இடுகாட்டுக் கவி இருந்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் இழவு வீட்டில் மாரடித்து ஒப்பாரி வைக்கும் கிழவிகளின் தொண்டையில் இருக்கும் கரகரப்பை எந்த ஸ்டூடியோவும் உண்டாக்க முடியாது. மரபு நம் பக்கம் இருக்கிறது. மென்மை பிற்காலத்துச் சட்டம்.

அந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக் கலைவிழாவில் என் மாணவி ஒருத்தி குழுவோடு மேடையேறினாள். தமிழில் தானே எழுதிய பாட்டு. பாதிவரை தெளிவான குரல், பிறகு அடிவயிற்றிலிருந்து உறுமல். அரங்கம் எழுந்து நின்றது. நடுவர் தாளில் எழுதியிருந்தது: ‘பெண் குரலுக்குரிய நளினம் இல்லை.’ அதே போட்டியில் உறுமிய பையனுக்கு ‘ஆற்றல் மிக்க குரல்’. அந்தத் தாளை நான் கேட்டு வாங்கிப் பார்த்தேன். நளினத்துக்கென்று பத்து மதிப்பெண் கொண்ட தனிக் கட்டமே இருந்தது. பையன்களின் தாளிலும் அதே கட்டம்தான். அவர்கள் யாருக்கும் அதில் மதிப்பெண் குறையவில்லை.

நடுவர்கள் சொல்லும் காரணங்களும் எனக்குத் தெரியும். ‘உறுமினால் பெண்ணின் தொண்டை கெட்டுவிடும்.’ தவறான பழக்கத்தில் பாடினால் கர்னாடக சங்கீதம் பாடியும் தொண்டை கெடும். உறுமலுக்கும் பயிற்சி உண்டு, மூச்சுக் கட்டுப்பாடு உண்டு. 2000-ஆம் ஆண்டில் ஆர்ச் எனிமி குழுவில் சேர்ந்த ஏஞ்செலா கோசோ ஆண்டுக்கணக்கில் உறுமினார். கேட்டவர்கள் பலர் ஆண் என்றே நினைத்தார்கள். நைட்விஷ்ஷின் ஃப்ளோர் யான்சன் ஓபராவும் பாடுவார், உறுமவும் செய்வார். அழகியும் மிருகமும் ஒரே தொண்டைக்குள் குடியிருக்க முடியும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டாம். ‘ஆண் பாடகர்களையும்தான் குழுக்கள் மாற்றுகின்றன’ என்பார்கள். ஆம். ஆனால் அவர்கள் போன பிறகு ஆண் இனத்தின் குரலே இந்த இசைக்கு ஒத்துவருமா என்று யாரும் விவாதிப்பதில்லை.

மனுஷியாக நின்று பாடினால் என்ன நடக்கும்? 2012 டிசம்பரில் ஸ்ரீநகர் மேடையில் வாசித்த பிரகாஷ் என்ற பள்ளி மாணவியர் ராக் குழு, இணைய வசைக்கும் மதத் தலைமையின் கண்டனத்துக்கும் பிறகு 2013 பிப்ரவரியில் கலைந்தது. தமிழ்நாட்டில் கானா என்ற ஆண்களின் கோட்டைக்குள் நுழைந்தவர் இசைவாணி. 2018-இல் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் ஒரே பெண் குரல். 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சபரிமலையில் பெண்கள் நுழைவது பற்றிச் சில ஆண்டுகளுக்கு முன் பாடிய பாட்டுக்காக 2024 நவம்பரில் அவர்மீது வசையும் மிரட்டலும் ஏவப்பட்டன. கணக்கு எவ்வளவு சுத்தம் பாருங்கள். அம்மனைப் பாடினால் ஆரத்தி. கோயிலுக்குள் நான் ஏன் வரக்கூடாது என்று பாடினால் மிரட்டல். அவர் தலித் பெண் என்பதால் மிரட்டலின் கூர்மை இரட்டிப்பு. சாதி பேசாமல் குரல் அரசியல் பேசுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

எனவே மாணவிகளிடம் நான் கேட்பது பாராட்டுக் கூட்டம் அல்ல. மதிப்பெண் தாளிலிருந்து நளினம் என்ற கட்டத்தை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்காவிட்டால் போட்டியைப் புறக்கணியுங்கள். தமிழ்த் துறையின் பாடத்திட்டத்தில் இசை பற்றிய தாள் இருந்தால் எல்.ஆர். ஈஸ்வரிக்கு ஓர் அலகு கேளுங்கள், ‘கவர்ச்சிப் பாடகி’ என்ற சொல் இல்லாமல். உங்கள் குழுவின் ஒலி மாறும்போது, மாற்றியவர் யார் என்று தட்டின் உறையில் எழுதிவையுங்கள். பாட்டு எழுதுகிற வேலையையும் பணம் எண்ணுகிற வேலையையும் பையன்களிடம் விட்டுவிட்டு மைக்கை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள். கடிதம் எழுதி வெளியேற்ற முடியாத இடம் அதுதான்.

எண்பது வயதைத் தாண்டி, 2020-இல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்துக்காகவும் ஈஸ்வரி பாடினார். அப்போதும் அம்மனுக்குத்தான். அடுத்த ஈஸ்வரிக்கு அந்தத் தொண்டையை வைத்துக்கொள்ள அம்மன் தேவைப்படக் கூடாது. தெருமுனையில் நின்று, தன் பெயரில், தன் கோபத்தை அவள் பாட வேண்டும்.