திடலில் விழும் அடிக்குச் சட்டம் இல்லையா?



காற்பந்துத் திடலில் ஒருவன் இன்னொருவனை வேண்டுமென்றே தாக்கினால், அது சிவப்பு அட்டையோடு முடிந்துபோகும் செய்தியா? காவல் நிலையம் வரை செல்ல வேண்டிய குற்றமா? செல்லத்தான் வேண்டும் என்பது என் துணிபு. அதற்கான காரணங்களை இங்கே முன்வைக்கிறேன்.

எங்கள் பத்து காவானில் காற்பந்துக்குத் தனி மதிப்பு உண்டு. 2000-ஆம் ஆண்டு சுக்மா விளையாட்டுப் போட்டிக்காக எழுப்பப்பட்ட, ஏறத்தாழ 40,000 பேர் அமரக்கூடிய மாநில அரங்கம் இங்குதான் இருக்கிறது. 2016-இல் பினாங்கு அணிக்காக ஃபாய்ஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் கோல், உலகின் மிகச் சிறந்த கோலுக்குரிய புஸ்காஸ் விருதைப் பெற்றது. பந்தை அவர்போல் வளைத்து அடிக்க முயலாத சிறுவன் உண்டா? பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்தே ஆடக் கற்கிறார்கள். ஆனால், கோலை மட்டுமா பார்க்கிறார்கள்? முழங்கையால் இடிப்பதையும், நடுவர் திரும்பி நிற்கும்போது உதைப்பதையும், அதைச் செய்தவர் சில வாரங்களில் மீண்டும் களமிறங்குவதையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

“விளையாட்டென்றால் அடிபடத்தான் செய்யும். திடலில் இறங்கியவன் அதற்கு உடன்பட்டுத்தானே இறங்கினான்?” என்று சிலர் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தொகுப்பே விடை கூறுகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்த அத்தொகுப்பின் 87-ஆவது பிரிவைப் பாருங்கள். பதினெட்டு வயதைக் கடந்தவர் தாமே இசைந்து ஏற்கும் தீங்கு, உயிரிழப்போ கொடுங்காயமோ விளைவிக்கும் நோக்கமின்றிச் செய்யப்பட்டால், அது குற்றமாகாது. இதற்குச் சட்டம் ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. இருவர் பொழுதுபோக்காக வாட்பயிற்சி செய்கின்றனர். முறையாக ஆடும்போது ஒருவருக்குக் காயம் பட்டால் மற்றவர்மீது குற்றமில்லை. வாளுக்குப் பதிலாகச் சிலம்பத்தையோ காற்பந்தையோ வைத்துப் பார்த்தாலும் பொருள் மாறாது. ‘முறையாக ஆடும்போது’ என்பதே அங்கு நிபந்தனை. பந்தைப் பறிக்கும் முயற்சியில் முட்டி உரசுவதற்கு ஆட்டக்காரன் உடன்படுகிறான். பந்து நாற்பது அடி தொலைவில் உருண்டுகொண்டிருக்கையில் முகத்தில் குத்து வாங்குவதற்கு எவனும் உடன்பட்டதில்லை.

அப்படிப்பட்ட குத்துக்குச் சட்டத்தில் பெயருண்டு. வேண்டுமென்றே காயம் விளைவிப்பது 323-ஆவது பிரிவின்கீழ் ஓராண்டு வரை சிறை, 2,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். 325-ஆவது பிரிவின்கீழ் ஏழாண்டு வரை சிறை. ‘திடலுக்கு வெளியே மட்டும்’ என்று இப்பிரிவுகளில் எங்கும் எழுதப்படவில்லை!

இதனால் ஒவ்வொரு தவறான ஆட்டத்துக்கும் விலங்கு மாட்டச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டா. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2004-இல் பார்ன்ஸ் வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது. ஒழுங்கற்ற தடுப்பாட்டத்தால் எதிராளியின் காலில் கடுங்காயம் விளைவித்த ஆட்டக்காரருக்கு எதிரான தீர்ப்பை அது தள்ளுபடி செய்தது. விதிமீறல் என்பதாலேயே ஒரு செயல் குற்றமாகிவிடாது. செயலின் தன்மை, பயன்படுத்திய வலிமை, ஆடியவரின் மனநிலை ஆகியவற்றை எடைபோட வேண்டும் என்றது. அதே 2004-ஆம் ஆண்டு டிசம்பரில், பெங்களூரில் நடந்த கூட்டமைப்புக் கிண்ண இறுதியாட்டத்தில், டெம்போ அணியின் பிரேசில் நாட்டு ஆட்டக்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர், கோல் அடித்த வேளையில் எதிரணிக் கோல்காவலருடன் மோதி உயிரிழந்தார். நெஞ்சை உலுக்கிய நிகழ்வுதான். ஆயினும், உயிர் போனது என்பதால் மட்டுமே குற்றம் நிகழ்ந்தது என்று முடிவுகட்ட இயலாது. விளைவைவிட நோக்கமே பெரிது. அந்த அளவுகோலை நானும் ஏற்கிறேன்.

“சங்கம்தான் தண்டிக்கிறதே, பிறகு நீதிமன்றம் எதற்கு?” என்பது அடுத்த வாதம். சங்கத்தின் தண்டனை எப்படிப்பட்டது? 2006 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் எதிராளியின் மார்பில் தலையால் முட்டிய ஜிடானுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. அதுவே அவருடைய கடைசி ஆட்டம் என்பதால் தடைக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. கோடிகளில் ஈட்டுபவருக்கு அந்த அபராதம் எம்மாத்திரம்? மாறாக, ஸ்காட்லாந்தில் 1994-இல் ரேஞ்சர்ஸ் ஆட்டக்காரர் டன்கன் ஃபெர்குசன் எதிராளியைத் தலையால் முட்டினார். நடுவர் அட்டை எதுவும் காட்டவில்லை. ஆனால் அரசு வழக்குத் தொடுத்தது. முன்னரே தாக்குதல் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றிருந்த அவர், 1995-இல் மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்று 44 நாள் உள்ளே இருந்தார். அதனால் ஸ்காட்லாந்தில் காற்பந்து அழிந்துவிட்டதா?

நம் நாட்டிலும் சட்டம் திடலுக்குள் நுழைந்ததுண்டு. 1994, 1995-ஆம் ஆண்டுகளில் ஆட்ட முடிவை விலைபேசிய ஊழல் வெடித்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். அது சங்கத்தின் உள்விவகாரம் என்று அரசு ஒதுங்கி நிற்கவில்லை. பணம் கைமாறினால் விசாரிக்க வரும் சட்டம், பல் உடைந்தால் வாசலிலேயே நின்றுவிட வேண்டுமா?

இனி நம் பிள்ளைகளுக்கு வருவோம். பத்து வயதுக்குட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்கிறது 82-ஆவது பிரிவு. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டவருக்குப் போதிய அறிவு முதிர்ச்சி இல்லையெனில் 83-ஆவது பிரிவு காக்கிறது. ஆகவே, தொடக்கப்பள்ளி மாணவனைக் காவல் நிலையத்துக்கு இழுக்கச் சொல்வது என் நோக்கமன்று. அவனைத் திருத்துவது கட்டொழுங்கு ஆசிரியரின் வேலை, நம் வேலை. இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கும் 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி தனி நீதிமன்றம் உண்டு. அங்கே பெயர் வெளிவராது. எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விடுவிக்கவும் வழியுண்டு. “பையனின் எதிர்காலம் பாழாகிவிடுமே” என்று அஞ்சுவோர் இதை அறிய வேண்டும். அடிபட்டவனுக்கும் ஓர் எதிர்காலம் இருக்கிறதல்லவா?

ஆனால், திடலோரத்தில் நின்றுகொண்டு “அவன் காலை உடைடா!” என்று கூவும் பெரியவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. குற்றம் புரியத் தூண்டுபவரைப் பற்றிய 108-ஆவது பிரிவின் விளக்கம் கூர்மையானது. தூண்டப்பட்டவர் சட்டப்படி குற்றம் புரிய இயலாத குழந்தையாகவே இருந்தாலும், தீய நோக்கத்தோடு தூண்டியவர் தப்ப முடியாது. மகன் எய்த அம்புதான்; எய்தவர் அப்பாவாகவோ பயிற்றுநராகவோ இருக்கலாம். நெதர்லாந்தில் 2012 டிசம்பரில் இளையோர் ஆட்டம் ஒன்றில் தன்னார்வத் துணை நடுவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 2013-இல் தண்டிக்கப்பட்டவர்களுள் பதின்ம வயதினர் அறுவரோடு ஓர் ஆட்டக்காரரின் தந்தையும் இருந்தார். பிள்ளைகளுக்குக் கிடைத்தது அதிகபட்சம் இரண்டாண்டு, தந்தைக்கு ஆறாண்டு!

ஆகவே, நான் கேட்பவை நான்கு. வேண்டுமென்றே தாக்கியதால் காயம் ஏற்பட்டால், பள்ளியின் பெயர் கெடும் என்று மூடிமறைக்காமல் அன்றே எழுத்தில் பதிவு செய்யுங்கள். தாக்கியவர் பெரியவர் எனில் காவல்துறையில் புகார் அளியுங்கள். வெறியூட்டிக் கூவும் பெற்றோரைத் திடலிலிருந்து வெளியேற்றும் அதிகாரத்தைப் போட்டி விதிகளிலேயே எழுதி வையுங்கள். சமாதானம் பேசுகிறோம் என்று சொல்லி, அடிபட்ட பிள்ளையின் பெற்றோரைப் புகாரைத் திரும்பப் பெறும்படி நெருக்காதீர்கள்.

வகுப்பறையில் அடித்தால் தவறு, சாலையில் அடித்தால் குற்றம், திடலில் அடித்தால் வீரம் என்று மூன்று நீதிகளை நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கற்பித்தவர்கள் நாம்தாம். மாற்ற வேண்டியவர்களும் நாமே.