மரபுச் சுவடியைப் படியெடுப்போர்

செட்டிநாட்டு விருந்துகளில் கவுனி அரிசிக்குத் தனி மதிப்பு உண்டு. அக்கரிய அரிசியைத் தரும் நெற்பயிரையும் அதனை உண்ணும் மனிதனையும் உறவினர் என்று எவரேனும் எண்ணுவரோ? தொல்காப்பியர் புல்லை ஓரறிவுயிர் என்றும், மக்களை ஆறறிவுயிர் என்றும் வகுத்தார். அவ்வகுப்பு அறிவு பற்றியது. அதனையே ஏணியாகக் கொண்டு, பயிரின் அமைப்பு அனைத்தும் மனிதனுடையதினும் தாழ்ந்தது என்பார் கூற்று பொருந்தாது.

உயிரணு இரண்டாகப் பிரியுமுன், டி.என்.ஏ. என்னும் மரபுச் சுவடியைப் படியெடுத்தல் வேண்டும். மனிதனின் சுவடியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்திணைகள் உள. நெல்லின் சுவடியில் ஏறத்தாழ 40 கோடி. படியெடுக்கும் நொதிக்கு டி.என்.ஏ. பாலிமரேஸ் என்று பெயர். பெயர் அயலதாயினும் அதன் தொழில் தமிழர்க்குப் புதிதன்று; நம் முன்னோர் ஏடு பார்த்து ஏடு எழுதியவரல்லரோ! உயிரணுவின் கருவில் ஆல்ஃபா என்னும் நொதி படியைத் தொடங்கிவைக்க, டெல்ட்டா, எப்சிலான் என்பன தொடர்ந்து எழுதுகின்றன. பிழையான எழுத்து விழுந்தால், இவ்விரண்டும் பின்வாங்கி அதனை நீக்கி மீண்டும் எழுதும். ஏடெழுதியோர் அனைவரும் இவ்வாறே செய்திருப்பின், உ. வே. சாமிநாதையர் பாடபேதங்களால் அத்துணை இடர்ப்பட்டிருக்க மாட்டார். இம்மூன்று நொதிகளும் நெல்லுக்கும் மனிதனுக்கும் பொதுவானவை.

வேற்றுமை கருவுக்கு வெளியே உள்ளது. ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்கெனத் தனிச் சிறு சுவடி உண்டு. பாலூட்டிகளில் அதனைப் படியெடுப்பது காமா என்னும் நொதி. தாவரங்களில் காமா இல்லை. பாக்டீரிய நொதியை ஒத்த வேறொன்று, மைட்டோகாண்டிரியாவிலும் பசுங்கணிகத்திலும் அப்பணியைச் செய்கிறது. அவ்வகை நொதியை ஜப்பானிய அறிஞர்கள் 2002-ஆம் ஆண்டில் நெல்லில் கண்டு வெளியிட்டனர்.

இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. பாலூட்டிகளின் மைட்டோகாண்டிரியச் சுவடியில் எழுத்துகள் விரைவாக மாறுகின்றன. பெரும்பாலான பூக்கும் தாவரங்களிலோ அம்மாற்றம் மிக மெதுவானது. இதற்கு நொதி மட்டுமே காரணமன்று. பிழை திருத்தும் பிற புரதங்களும் தாவரங்களுக்குத் துணைநிற்கின்றன. இச்சுவடியைக் காப்பதில் ஓரறிவுயிரே நம்மினும் வல்லது என்பேன்.

தாவரவியலை ஒரு நூலாகவும் விலங்கியலை மற்றொரு நூலாகவும் படிக்கும் மாணவர்க்கு இவ்வொப்புமை புலப்படுவதில்லை. இரண்டையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்பித்தல் வேண்டும் என்பது என் கருத்து. இது வெறும் ஏட்டறிவும் அன்று. காமா நொதியின் மரபணு பழுதுற்ற குழந்தைகள் சிலர்க்கு வலிப்பும் கல்லீரல் நோயும் உண்டாகின்றன. வலிப்புக்கு வழங்கப்பெறும் வால்புரோயேட் என்னும் மருந்து அத்தகைய குழந்தைகளின் கல்லீரலை அழித்து உயிரையும் போக்கக்கூடும். ஆதலின், ஐயம் எழுமிடத்து அம்மருந்தைத் தருமுன் அம்மரபணுவைச் சோதித்தல் வேண்டும் என மருத்துவ நூல்கள் விதிக்கின்றன.