கஷ்டம் வேறு, கொடுமை வேறு



கொஞ்சம் நீளமான பதிவு. காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் ஒரு கேம் அனுப்பியிருந்தான். ஐடி வேலை போக மிச்ச நேரத்தில் அவனே எழுதியது. நம் பள்ளியில் இருந்த அதே பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டருக்காக, 32 கிலோபைட் மெமரிக்குள் அடக்கி எழுதியிருக்கிறான். மெஷின் இல்லாதவர்கள் எமுலேட்டரில் ஆடலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். மூன்று லைஃப். ஒரு நிமிடத்தில் தீர்ந்தது. மறுபடி முதல் ஸ்கிரீன். பன்னிரண்டாவது முறை எழுந்து போய்விட்டாள்.

அவனுக்கு போன் செய்தேன். "அந்தக் காலத்து கேம் அப்படித்தானே சார்? இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாத்தையும் ஊட்டி விடணும்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தப் பதில்.

தம்பி, அந்தக் காலத்து கேம் ஏன் அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று யோசித்தாயா? பிபிசி மைக்ரோவின் 32 கிலோபைட்டில், கிராபிக்ஸ் நன்றாக வேண்டுமென்றால் திரைக்கே 20 போய்விடும். மிச்சத்தில் எத்தனை லெவல் வைக்க முடியும்? 1983ல் ஸ்பெக்ட்ரமில் வந்த 'மேனிக் மைனர்' மொத்தமே 20 அறை. காசு கொடுத்து வாங்கியவன் ஒரே மாலையில் முடித்துவிட்டால் கோபப்படுவான். அதனால் செத்துச் செத்து ஆடவைத்தார்கள். காசு போட்டு ஆடும் கடை மெஷின்களின் பழக்கமும் ஒட்டிக்கொண்டது. அங்கே நீ சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். கேசட்டில் ஏற்றும் கேமில், விட்ட இடத்தைச் சேமித்து வைப்பதும் லேசான காரியம் இல்லை.

ஆக, அது இல்லாமையின் விளைவு. ரேஷன் கடை வரிசையில் நின்றோம் என்பதற்காக வரிசையைக் கும்பிட முடியுமா?

அன்று எழுதியவர்களே அதைக் கும்பிடவில்லை. அதே 'மேனிக் மைனர்' முதல் பதிப்பில் 6031769 என்று தட்டினால் எந்த அறைக்கும் தாவலாம். எழுதியவரே ஒரு கொல்லைப்புறக் கதவு வைத்திருந்தார். அடுத்த வருடம் வந்த 'ஜெட் செட் வில்லி'யை, நிரலில் இருந்த பிழைகளால் முடிக்கவே முடியாது. வெளியிட்டவர்கள் முதலில் அது வேண்டுமென்றே வைத்தது என்று சமாளித்தார்கள். பிறகு திருத்தம் கொடுத்தார்கள். கேள்வித்தாளில் தவறான கேள்வி வந்தால் எல்லோருக்கும் மதிப்பெண் போடுவோமே தவிர, "அந்தக் காலத்துத் தரம்" என்று கொண்டாட மாட்டோம்.

இன்னொன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். உன் கேமை நீ சோதித்தபோது, எமுலேட்டரில் அங்கங்கே சேமித்து, செத்த இடத்திலிருந்துதானே தொடர்ந்தாய்? உனக்கு மட்டும் அந்த வசதி. என் பேத்திக்கு மூன்று லைஃபா?

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். தகுதி இல்லாததால்தான் சொல்கிறேன்.

1984ல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கியதால் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ வந்தது. நம் பள்ளியில் எப்போதும் ஓடியது ஒன்றுதான். சாயங்காலம் 'சக்கி எக்' ஆட விடுவேன். ஏணியில் ஏறி முட்டை பொறுக்கும் ஆட்டம், ஞாபகம் இருக்கிறதா? கூட்டத்தைச் சமாளிக்க நான் ஒரு சட்டம் போட்டேன். லைஃப் தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும்.

நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் நடந்தது என்ன? நன்றாக ஆடத் தெரிந்தவன் அரை மணி நேரம் உட்கார்ந்தான். தெரியாதவள் இரண்டு நிமிடத்தில் எழுந்தாள். யாருக்குப் பயிற்சி அதிகம் வேண்டுமோ, அவர்களுக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைத்தது. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை.

அந்த வரிசையில் நின்ற ஒரு பெண்ணைப் போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். அரசு அலுவலகத்தில் வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும் என்பதற்காக ஒருமுறை பதவி உயர்வையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாளாம். "எனக்கு அது வராதுன்னு பதினொண்ணாவதுலயே தெரிஞ்சு போச்சு சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அந்தக் காலம் பொற்காலம்" என்று எழுதுகிறவர்கள் எல்லாம் அந்த நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்தவர்கள். இரண்டு நிமிடத்தில் எழுந்தவர்கள் எதையும் எழுதுவதில்லை.

அப்படியானால் கஷ்டமே வேண்டாமா? வேண்டும். 1989ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வைப் பார். 60 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். சுலபமே இல்லை. ஆனால் எத்தனை முறை செத்தாலும் அந்த லெவலிலிருந்து மறுபடி முயலலாம். 2021ல் வந்த 'அட்டாக் ஆஃப் த பெட்ஸ்கி ரோபோட்ஸ்' இன்னும் பழைய கமோடோர் பெட் மெஷினிலேயே ஓடுகிறது. அதில் சுலபம், நடுத்தரம், கடினம் என்று ஆடுகிறவரே தேர்ந்தெடுக்கலாம். 32 கிலோபைட்டில் அதற்கு இடம் இருந்திருக்கிறது. மனசில் இடம் இருந்தால் போதும்.

பதினைந்தாவது படியில் வழுக்கியவனை அங்கேயே நிறுத்தி மறுபடி ஏறச் சொல்வது கஷ்டம் கொடுப்பது. முதல் படிக்கு உருட்டிவிடுவது கொடுமை. அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பதினான்கு படிதான் திரும்பத் திரும்பப் பழகும். பதினைந்தாவது கடைசிவரை வராது.

கீழே யாராவது "நீங்க அடிச்சதாலதான் சார் நாங்க உருப்பட்டோம்" என்று எழுத வருவீர்கள். எழுதாதீர்கள். நீங்கள் உருப்பட்டது உங்கள் உழைப்பால். என் பிரம்புக்கு அதில் பங்கு கொடுக்க வேண்டாம்.

தம்பி, உன் கேம் அழகாக இருக்கிறது. அந்தத் தவளை குதிக்கும் சத்தத்தைக் கேட்டு என் பேத்தி கைதட்டினாள். விழுந்த இடத்திலிருந்து தொடர ஒரு வழி வை. மூன்று லைஃப் போதும் என்கிறவர்களுக்கு அதையும் ஒரு ஓரமாக வைத்துக்கொள். திருத்தி அனுப்பு. அவளை நான் மறுபடி கூப்பிட்டு உட்காரவைக்கிறேன். இந்தத் தடவை எழுந்திருக்கச் சொல்ல மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்